மூடிய பிறகு மகஜர் எதற்கு?

"பள்ளிக்கூடத்தை மூடப்போறாங்களாம்" என்று சேதி வந்தால் நம்மவர்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். கூட்டம் போடுவோம், மகஜர் எழுதுவோம். ஆனால் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அந்தக் கதி ஒரே நாளில் வருவதில்லை. வருஷா வருஷம் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதிகிறபோதே அது தீர்மானமாகிவிடுகிறது.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஏறக்குறைய 530. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் ஜனங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனார்கள். பல இடங்களில் பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறது.

பெற்றோரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. தேசியப்பள்ளி தாமானுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தமிழ்ப்பள்ளிக்கு மாதாமாதம் வேன் காசு வேண்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் சம்பளத்தில் கைவைக்கிற சங்கதி. இங்கேதான் நாம் தோள் கொடுக்க வேண்டும். திருவிழாவுக்கு வீடு வீடாக வசூல் பண்ணத் தெரிந்த நமக்கு (கணக்குக் கேட்டால் சண்டைதான், அது வேறு விஷயம்!) வேனுக்கு வசூல் பண்ண முடியாதா? பிள்ளைகள் படித்து முடித்த வீட்டாரும் கொடுக்கலாமே.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். சில பள்ளிகள் ஜனங்கள் குடியிருக்கும் இடத்துக்கே மாறியிருக்கின்றன. அப்படிக் கேட்பதற்கும் ஆள் வேண்டும்.

பதிவு இப்போது இணையம் வழி. கைப்பேசியில் பழகாத தாய்மாருக்குப் பக்கத்து வீட்டுத் தம்பிமார்கள் கொஞ்சம் உட்கார்ந்து பதிந்து கொடுங்கள்.