அரிப்பை மறைக்காதீர்கள்

காலை நிகழ்ச்சியில் பாடல் ஓடும் நேரத்தில் நேயர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் படிப்பது என் வழக்கம். போன மாதம் அந்த நேரமெல்லாம் விரலிடுக்கைச் சொறிவதிலேயே போனது.

“உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி” என்றார் அம்மா. நானோ வீட்டில் மிச்சமிருந்த அரிப்புக் கிரீமைப் பூசினேன். இரண்டு நாள் அடங்கியது. பிறகு இரவெல்லாம் தூக்கமில்லை. மூன்று வயது மகளும் சொறிய ஆரம்பித்ததும் கிளினிக்குக்கு ஓடினேன்.

மணிக்கட்டைப் பார்த்ததுமே டாக்டர் சொல்லிவிட்டார்: ஸ்கேபிஸ். மலாயில் ‘குடிஸ் பூத்தா’, நம் ஊர்ப் பேச்சில் சொறிசிரங்கு.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணி தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடுகிறது. அதையும் அதன் கழிவையும் உடல் எதிர்ப்பதால்தான் அரிப்பு. முதல்முறை தொற்றினால் அறிகுறி தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் வீடு முழுக்கப் பரவிவிடும்.

கணக்குப் போட்டேன். ஒரு மாதத்துக்கு முன் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன், எங்களோடு ஒரே மெத்தையில் படுத்திருந்தான். அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அவனுக்கு அப்பவே இருந்துச்சு தம்பி. சுத்தமில்லாத குடும்பம்னு நினைப்பாங்களேன்னு சொல்லல.”

கோபம் வந்தது. ஆனால் நானும் அலுவலகத்தில் “கொசுக்கடி” என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

தினமும் இருமுறை குளிப்பவருக்கும் இது வரும். தோலோடு தோல் ஒட்டியிருந்தாலே போதும். வெப்பமண்டல நாடுகளில் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் இதை 2017-இல் சேர்த்தது. கவனிக்காததற்கு வெட்கமும் ஒரு காரணம் என்பேன்.

டாக்டர் கொடுத்தது 5 விழுக்காடு பெர்மெத்ரின் கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, இரவில் பூசிக் காலையில் கழுவவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். குழந்தைக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் எப்படிப் பூசுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமானது, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசவேண்டும். துணி, படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைக்கவேண்டும். துவைக்க முடியாத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வைக்கலாம். சிகிச்சைக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம், பயம் வேண்டாம்.

அன்றிரவே அக்கா, விடுதிப் பெற்றோர் குழுவில் விஷயத்தை எழுதினார். காலைக்குள் மூன்று அம்மாக்களிடமிருந்து பதில்: “எங்க வீட்டிலயும்தான்.”

உங்கள் பிள்ளை விடுதியிலிருந்து சொறிந்துகொண்டே வந்தால், திட்டாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அப்படியே நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.