மே மாதம் ஆய்வகத்தைத் திற!

கோடை விடுமுறையில் பிளஸ் டூ வேதியியலை ஆன்லைனில் படிக்கச் சொல்கிறார்கள். எந்தப் போனில், தோழர்களே? விடுமுறையில் ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் பூட்டு. சேரிக்குத் திரும்பும் பிள்ளையின் வீட்டில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

சரி, போன் கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். 100க்கு 70தான் எழுத்துத் தேர்வு. மிச்சத்தில் பெரும்பங்கு செய்முறைக்கு. பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரே ஒரு சொட்டில் கரைசல் இளஞ்சிவப்பாகி நிற்கும். அந்தச் சொட்டில் குழாயைத் திருகி நிறுத்தக் கைதான் பழக வேண்டும். திரையைப் பார்த்தா பழகும்? தனியார் பள்ளிகள் பலவற்றில் மே மாதமே பிளஸ் டூ வகுப்பு தொடங்கிவிடுகிறது. நமக்குத் 'தகுதி' பாடம் எடுப்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வீடியோ லிங்க் வேண்டாம். நலப்பள்ளி ஆய்வகத்தைத் திறந்து விடுங்கள், விடுதியில் சோறு போடுங்கள்.