வேலைக்கு கேரண்டி இருக்கு, உடம்புக்கு?

1/ "பெர்மனென்ட் வேலை டாக்டர், அதான் ஊரை விட்டு குடும்பத்தோட சென்னைக்கு வந்துட்டோம்" என்கிறார்கள். சரி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?

2/ வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35% அதிகம். 2021ல் உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் வெளியிட்ட கணக்கு. ஓஎம்ஆர் டிராபிக்கில் நிற்கும் நேரம் இதில் சேராது.

3/ "அப்போ இஎம்ஐ யார் கட்டுவா?" நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டா யார் கட்டுவாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.

4/ ஊர் மாறுறது தப்பே இல்லை. ஆனா பிஎஃப், இன்க்ரிமென்ட் கூட்டிப் பாக்குற அதே பேப்பர்ல தூக்கம், ஆபீஸ் தூரம், பிள்ளைங்க தூங்குறதுக்கு முன்னாடி வீடு திரும்ப முடியுமாங்கறதையும் எழுதுங்க. அது தேறலைன்னா அது பாதுகாப்பான வேலையே இல்லை.