முதுகெலும்பு இல்லாதவை

துணிவில்லாத அரசியல்வாதியை ‘முதுகெலும்பற்றவர்’ என்று எழுதுவது நமது பத்திரிகைகளின் நெடுநாள் வழக்கம். அரசியல்வாதிக்கு அது பொருந்துமோ இல்லையோ, நண்டுக்கும் நத்தைக்கும் அது இழைக்கும் அநீதி பெரிது.

இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் ஏறத்தாழ 95 வீதமானவை முள்ளந்தண்டு அற்றவை. இத்தனை பெரிய கூட்டத்தை, அவற்றிடம் இல்லாத ஓர் எலும்பைக் கொண்டே அழைக்கிறோம். வெள்ளவத்தைச் சந்தையில் அருகருகே கிடக்கும் நண்டையும் கணவாயையும் பாருங்கள். நண்டு இறாலுக்கு உறவு. கணவாய் நத்தைக்கு உறவு. வடக்கிலிருந்து ஏற்றுமதியாகும் கடலட்டையோ, பெயரில் அட்டையாயினும், பரிணாம வழியில் நண்டைவிட மனிதனுக்கே நெருக்கமானது. ‘முள்ளந்தண்டிலி’ என்ற ஒரே சொல் இவ்வேறுபாடுகளை மூடிவிடுகிறது.

1758இல் லின்னேயஸ் விலங்குகளை ஆறு வகுப்புகளாக்கியபோது, நான்கினை முள்ளந்தண்டுள்ளவற்றுக்கு ஒதுக்கி, எஞ்சிய அனைத்தையும் பூச்சி, புழு என்னும் இரண்டுக்குள் அடைத்தார். அவற்றை மேலும் பகுத்துக் காட்டி லாமார்க் 1801இல் தனிநூலே எழுதினார். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றுக்கு உள்ள புலன்களைக் கொண்டு வகுத்தது: நத்தைக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. இன்றைய விஞ்ஞானம் இக்கணக்கை ஏற்காது. எனினும், சிற்றுயிர்களையும் உற்றுநோக்கிய அந்தப் பார்வை நமக்கு இன்றும் தேவை.

ஏனெனில், கவனிக்கப்படாத உயிரின் இழப்பும் கவனிக்கப்படுவதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையில் குவிந்தன. இறந்து கரையொதுங்கிய ஆமைகளும் டொல்பின்களும் தலைப்புச் செய்திகளாயின. அது நியாயமே. ஆனால், அதே நீரை வடிகட்டி உண்ணும் மட்டிக்கும் மணலுக்குள் வாழும் புழுவுக்கும் நேர்ந்ததை எத்தனை பேர் கேட்டோம்? 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தப் பணித்தது. எண்ணப்படாத உயிர்களின் பங்கை அதில் கேட்பவர் யார்?

2012ஆம் ஆண்டின் தேசிய செம்பட்டியல் இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் 51 என்கிறது. அவற்றுள் 50 உலகில் வேறெங்கும் இல்லாதவை. பெரும்பாலானவை அழிவை எதிர்நோக்குபவை. கொட்டாஞ்சேனையில் படிக்கும் பிள்ளைக்கு ஆபிரிக்கச் சிங்கம் தெரியும். இந்நண்டுகளில் ஒன்றின் பெயரேனும் தெரியுமா?

இத்தீவின் நண்டு, நத்தை, தும்பிகளைப் படங்களுடன் அறிமுகஞ்செய்யும் எளிய கைந்நூல்கள் தமிழில் பெருக வேண்டும். ஞாயிறு மலர்கள் வாரம் ஓர் உயிருக்குக் கால்பக்கம் ஒதுக்கலாம். மீனவரும் விவசாயியும் வழங்கும் பெயர்களையும் அங்கே பதிவு செய்யலாம். அப்பெயர்கள் மறையுமுன் அதைச் செய்வது நல்லது.