முல்லைக்கு ஒரு வாரிசு

வாடகை வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. வீடு மாறும்போது பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். வாசலில் பந்தல் போட்டு நீங்கள் வளர்த்த முல்லைக் கொடி? பெரிய கொடியைத் தோண்டி எடுத்தால் பிழைப்பது சந்தேகம். விட்டுவிட்டு வரவும் மனசு கேட்காது. சொந்த வீட்டுக்காரர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. மதிலை இடித்துக் கட்ட வேண்டும், பைப் பதிக்க வேண்டும் என்று ஒரு நாள் கொத்தனார் வந்து நிற்பார். பத்து வருஷத்துக் கொடி பத்தே நிமிஷத்தில் போய்விடும்.

"போனா போகுது, நர்சரியில வேறே ஒண்ணு வாங்கிக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். வாங்கலாம்தான். ஆனால் அது வேறு கொடி. மாமியார் கையால் நட்ட கொடி ஆகுமா? அதே கொடி வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கிளையிலிருந்து உண்டாக்கும் செடி தாயின் அச்சு அசல். பூவும் அதே, வாசனையும் அதே. ஆகவே, கொடி நன்றாக இருக்கும்போதே அதற்கு ஒரு வாரிசை உண்டாக்கி வைத்துவிடுங்கள்.

இதற்குக் குச்சி ஊன்றலாம், அல்லது பதியன் போடலாம். புதிதாகச் செய்கிறவர்களுக்குப் பதியன்தான் நல்லது. வெட்டிய குச்சி தாயில்லாப் பிள்ளை மாதிரி. வேர் விடுகிறவரை கையிருப்பை வைத்தே ஓட்டியாக வேண்டும். பதியனிலோ, வேர் பிடிக்கிறவரை தாய்க்கொடியே ஊட்டிக்கொண்டிருக்கும்.

மழைக்காலம் இதற்கு ஏற்றது. ஆடியில் ஆரம்பித்தால் ஐப்பசி, கார்த்திகைக்குள் தனிச் செடி கிடைத்துவிடும்.

பென்சில் பருமன் உள்ள, போன வருஷத்துக் கிளையாக ஒன்றைப் பாருங்கள். வளைத்தால் தரையைத் தொட வேண்டும். எட்டவில்லையா? தொட்டியை நாலு செங்கல் அடுக்கி உயர்த்தி வையுங்கள். தொட்டியில் செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

கிளையின் நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு கணுவைத் தேர்ந்தெடுத்து, மண்ணில் புதையும் பகுதியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, அடிப்பக்கமாக, கூரான கத்தியால் நுனியை நோக்கிச் சாய்வாக ஓர் அங்குலம் கீறுங்கள். பாதிப் பருமனுக்கு மேல் கத்தி போகக்கூடாது. வெட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க, மருந்து நீக்கிய தீக்குச்சித் துண்டைச் செருகுங்கள். இலைகள் தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வெட்டு வந்த இடத்தில் அது தேங்கும்; அங்கேதான் வேர் புறப்படும்.

வெட்டிய பகுதியை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து, எழும்பாமல் மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனியை வெளியே நிமிர்த்தி ஒரு குச்சியில் கட்டுங்கள். பாரி வள்ளல் முல்லைக்குத் தேரையே கொடுத்தான். நாம் ஒரு மூங்கில் குச்சியாவது கொடுக்க வேண்டாமா!

மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், சேறாகிவிடக் கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை அடிக்கடி கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும். இனி மூன்று மாதம் பொறுமை. "வேர் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக் கிளறிப் பார்க்கிற குழந்தைகளிடமிருந்து தொட்டியைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை!

நுனியில் புதுத் தளிர்கள் வந்து, மெல்ல இழுத்தால் அசையாமல் இருந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரே வெட்டாக வெட்டிவிடாதீர்கள். தாய்க்கொடிப் பக்கத்தில் முதலில் பாதியளவு வெட்டுங்கள். பத்து நாள் கழித்து மீதியை வெட்டுங்கள். பால் மறக்கடிப்பது போலத்தான். சிறுகச் சிறுகத்தான் பழக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் நிழலில் வைத்து, வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல வெயில் இல்லாவிட்டால் முல்லை இலையாக வளருமே தவிர, பூக்காது.

கை பழகிவிட்டால் குச்சியும் ஊன்றலாம். தை மாதக் கடைசியில் முல்லையைக் கவாத்து செய்வோம் அல்லவா, அப்போது விழும் கிளைகளைக் குப்பையில் போடாதீர்கள். மூன்று நான்கு கணு உள்ள, அரை முதிர்ச்சியான துண்டுகளாக நறுக்குங்கள். அடி வெட்டு சாய்வாகவும் மேல் வெட்டு நேராகவும் இருந்தால் தலைகீழாக நட்டுவிட மாட்டோம். இரண்டு கணு புதையும்படி மணல் அதிகம் கலந்த மண்ணில் ஊன்றி, பாலிதீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் மல்லிகைக் குச்சிகளை மணற்பாங்கான மண்ணில்தான் ஊன்றி, நாற்றாக்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் தேங்காத மண்ணில் குச்சி அழுகாது. பத்து ஊன்றினால் நாலைந்து பிழைத்தாலும் லாபமே. வேர் விடுமுன் உரம் போட வேண்டாம்.

எங்கள் வீட்டு முல்லை இப்போது என் மகள் வீட்டிலும், நாத்தனார் வீட்டிலும், எதிர் வீட்டிலும் பூக்கிறது. போன கோடையில் எங்கள் கொடி ஒரு பக்கம் காய்ந்தபோது நான் பதறவில்லை. எதிர் வீட்டம்மாவிடம், "ஒரு கிளை குடுங்க" என்றால் தீர்ந்தது. அதனால் எப்போதும் இரண்டு பதியன் போடுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று அடுத்த வீட்டுக்கு. கொடுத்து வைத்த செடிதான் பத்திரமான செடி. இன்று சாயங்காலம் பூப்பறிக்கப் போகும்போதே, தரையைத் தொடும் கிளை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.