பார்வையற்றவர் படித்த சட்டம்

சிறுவயதுக் காய்ச்சலில் பார்வையை இழந்த சென் குவாங்செங் சட்டக் கல்லூரிக்குச் சென்றவரல்லர். நான்ஜிங்கில் அவர் பயின்றது சீனப் பாரம்பரிய மருத்துவம். சட்டத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டே கற்றார்.

2005இல் ஷாண்டொங் மாகாணத்தின் லின்யி பகுதியில் ஒரு குழந்தைக் கொள்கையின் பெயரால் பெண்களுக்குப் பலவந்தமாகக் கருக்கலைப்பும் கருத்தடையும் செய்யப்பட்டதை அவர் அம்பலப்படுத்தினார். அரசைக் கவிழ்க்குமாறு அவர் அறைகூவவில்லை. குடிமக்களின் உரிமைகளை அதிகாரிகள் மீறலாகாது என்று சீனாவின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டமே கூறுகிறது. அதையே கையிலெடுத்தார். பீஜிங்கின் சட்டத்தைப் பீஜிங்கே நம்பியிருந்தால் அவரைப் பாராட்டியிருக்க வேண்டும்.

மாறாக, 2006 ஆகஸ்டில் நான்கு ஆண்டு மூன்று மாதச் சிறை. சொத்துக்குச் சேதம் விளைவித்தாராம். கூட்டம் சேர்த்துப் போக்குவரத்தைத் தடுத்தாராம்! பல மாதங்களாக வீட்டுக்காவலில் இருந்த, கண் தெரியாத மனிதர்! அவர் தெரிவுசெய்த சட்டத்தரணிகளுக்கு விசாரணையில் இடமளிக்கப்படவில்லை.

2010இல் தண்டனை முடிந்தும் வீடே சிறையாயிற்று. எந்தச் சட்டத்திலும் இடமில்லாத காவல் அது. 2012 ஏப்ரலில் மதிலேறிக் குதித்து, முறிந்த பாதத்துடன் தப்பியவர் பீஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தை அடைந்தார். மே மாதம் மனைவி, பிள்ளைகளுடன் நியூயோர்க் சென்றார். அவரைத் தேடி இரவில் வீடு புகுந்தவர்களை எதிர்த்த அண்ணன் மகனுக்கு, அவ்வாண்டு நவம்பரில் மூன்று ஆண்டு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது.