கம்பெனி இணைப்பும் சாப்ட்வேர் வதந்தியும்

இரு கம்பெனிகள் ஒன்றானால், "அந்த சாப்ட்வேரின் அடுத்த பதிப்பு வராதாம்" என்ற பேச்சு கிளம்புவது வழக்கம். அதை வெறும் புரளி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

மேக்ரோமீடியாவைச் சுமார் 340 கோடி டாலருக்கு வாங்குவதாக 2005 ஏப்ரலில் அடோபி அறிவித்தது. டிசம்பரில் இணைப்பு முடிந்தது. படம் வரைவதற்கு அடோபியிடம் இல்லஸ்ட்ரேட்டர் இருந்தது. மேக்ரோமீடியாவின் பிரீஹேண்டும் அதே வேலைக்கானதே. எனவே பிரீஹேண்டுக்கு மூடுவிழா என்று வதந்தி எழுந்தது. 2003-க்குப் பின் அதற்குப் புதுப் பதிப்பு வரவேயில்லை. இனி வராது என்று 2007 மே மாதத்தில் அடோபியே அறிவித்துவிட்டது.

ஆனால் வாங்கப்பட்ட கம்பெனியின் சரக்குதான் எப்போதும் பலியாகும் என்பதில்லை. இணையப் பக்கம் அமைப்பதில் மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர் நிலைத்தது. அடோபியின் கோலைவ் 2008-ல் நிறுத்தப்பட்டது. ஒரே வேலைக்கு இரண்டு சரக்கு இருந்தால் ஒன்றுக்கு ஆபத்து என்பதே இதன் சாரம்.

டி.டி.பி. கூடத்திலும் அலுவலகத்திலும் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்போர் வதந்தியைவிடக் கடைசிப் பதிப்பு வந்த வருஷத்தைக் கவனிப்பது நல்லது. போட்டி சாப்ட்வேரையும் பழகிக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு இது வரவு செலவுக் கணக்கு. தொழிலாளிக்கோ பல வருஷக் கைப்பழக்கம்.